மெடிக்கலுக்கு முன் நிறுத்திய மருந்து

கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிற ஒருவர் இன்று அதை நிறுத்தினால் இன்று ஒன்றும் நடக்காது. நாளையும் நடக்காது. கண் வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. ஆஸ்துமாக்காரர் மருந்தை விட்டால் மூச்சு இழுத்து அவருக்குப் புத்தி சொல்லும். கண் அழுத்தம் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. உள்ளே நரம்பு ஓரத்திலிருந்து சாகத் தொடங்கும். செத்தது திரும்பி வராது. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் நீங்கள் பார்மசி வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

நான் சொல்ல வந்தது படிப்பில் இல்லாதது. மருந்தை நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார்? மறந்துபோய், வசதியில்லாமல், கண் எரிகிறதென்று என மூன்று காரணங்களை நாங்கள் ஒப்புவிப்போம். நாலாவது ஒன்று உண்டு. யாரோ நிறுத்தச் சொன்னார். அந்த யாரோவை நினைத்தால், ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆன பிறகும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

பார்மசிக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். நீதிமன்றச் செய்திகள் எழுதுவேன். செய்திகளைத் திருத்துகிற ஒருவர் அங்கே இருந்தார். நாங்கள் கொடுக்கும் தாளில் எங்காவது 'என்று கூறப்படுகிறது' என்று கண்டால் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, "ஆர் கூறினது? போய்க் கேட்டுக்கொண்டு வாரும்" என்று தாளைத் திருப்பித் தள்ளுவார். அவரிடம் நான் கற்றது அந்த ஒரு கேள்விதான். பத்திரிகையை விட்டு மருந்துக் கடைக்கு வந்து வெகு காலத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

யுத்த காலம். எங்கள் பார்மசி வெள்ளவத்தையில், காலி வீதியில். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அனெக்ஸ், அறை, லொட்ஜ் என்று கிடைத்த இடத்திலெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். பாதிப்பேர் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, ஸ்பொன்சர், இன்டர்வியூ, மெடிக்கல். பேச்செல்லாம் இவற்றைச் சுற்றித்தான். இதில் ஆட்களை அதிகம் நடுங்க வைத்தது மெடிக்கல். விசா கொடுக்கிற நாடு குறித்துக் கொடுத்த டொக்டர் உடம்பை முழுதாகப் பார்ப்பார். ஏதாவது வருத்தம் கண்டுபிடித்தால் பயணம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். இருமல் உள்ளவர் எக்ஸ்ரேக்கு முன் இஞ்சிக் கஷாயமாகக் குடித்தார். மெலிந்தவர் நிறை ஏற வாழைப்பழமாக விழுங்கினார். "மெடிக்கலுக்கு முன்னம் எதை நிப்பாட்ட வேணும்?" என்று கேட்டு யாராவது எங்கள் கடைக்கு வராத நாள் குறைவு.

திலகவதி ரீச்சரும் அப்படிக் காத்திருந்தவர்தான். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை. ஒரே மகன் ரொறொன்ரோவில் இருந்து அம்மாவை ஸ்பொன்சர் செய்திருந்தான். ரீச்சருக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம். வடக்குக்கு மருந்து ஒழுங்காகப் போகாத காலத்தில் இடக்கண் போய்விட்டது. அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். அந்தக் கண்ணை எடுத்தது யுத்தம். மிஞ்சிய வலக்கண்ணுக்குக் காலையும் மாலையும் டிமோலோல் ஒவ்வொரு துளி.

அவர் மருந்து விடும் ஒழுங்கை ஒருமுறை கடையிலேயே காட்டினார். கீழிமையை இழுத்து ஒரே துளி. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்வார். "வாய்ப்பாடு முடிய விரலை எடுப்பன். எனக்கு மணிக்கூடு தேவையில்லைத் தம்பி." எங்கள் கடையில் இவ்வளவு சுத்தமாக மருந்து விட்ட இன்னொருவரை நான் கண்டதில்லை.

மாரி மழை தொடங்குவதற்கு முன் அவர் வருவது நின்றது. விசா வந்து போய்விட்டார் என்று நினைத்தேன். அந்த நாட்களில் சொல்லாமல்தான் போவார்கள். வாய்விட்டுச் சொன்னால் பயணம் தடைப்படும் என்று ஒரு பயம்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கலா வந்தாள். ரீச்சர் இருந்த அதே வீட்டில் அடுத்த அறைப் பெண். கணவன் ஜேர்மனியில், அவளும் விசாவுக்குக் காத்திருப்பவள். வைட்டமின் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்வரை எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். கேட்டால் ஆங்கில எழுத்துக்கள், ஒன்றோடொன்று சேராத எழுத்துக்கள்.

"என்ன பிள்ளை, தேவாரமே?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "இல்லையண்ணை, கண் போர்ட். கண் பார்க்கிற இடத்திலை எழுத்துப் போர்ட் தொங்குமெல்லே, அது மேலையிருந்து கீழை வரைக்கும் எனக்குப் பாடம். எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் பாடம். வீட்டுக்காரரின்டை கிளி கதைச்சால் அதுவும் சொல்லும்."

"உமக்குக் கண் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கில்லை. ரீச்சருக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து எனக்குப் பாடமாய்ப் போச்சு. கண்ணாடிக் கடையிலை போர்ட்டைப் பார்த்து நான்தான் எழுதிக்கொண்டு வந்தனான். மெடிக்கலிலை கேட்டால் பார்க்காமலே சொல்லிப்போடலாமெல்லே?"

"எந்த ரீச்சர்?"

"திலகவதி ரீச்சர். முந்தி உங்களிட்டைத்தானே மருந்து எடுத்தவ."

"அவ போகேல்லையோ? அப்ப இப்ப எங்கை மருந்து எடுக்கிறா?"

கலா கையால் வாயைப் பொத்தினாள். மாத்திரையை எடுத்துக்கொண்டு மிச்சக் காசைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

கண் போர்ட்டைப் பாடமாக்குகிறவருக்குக் கண் தெரியவில்லை. அதற்கு மேல் ஊகிக்க ஒன்றுமில்லை. கடை முதலாளி மருதானைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளிக்கிடுவதைக் கண்டு சொன்னார்: "கேட்டு வாறவங்களுக்கு மருந்து குடுக்கிறதுதான் நம்மட வேல. வாங்காதவங்களத் தேடிக்கிட்டுப் போறது நம்மட வேல இல்ல." சொல்லிவிட்டு, பின்னேரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையையும் ஆட்டினார். எங்கள் தொழிலில் அந்தப் பேச்சோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம், லீவு கொடுத்துக் கையாட்டுகிறவர்கள் குறைவு.

ரீச்சரின் அறை வீட்டின் பின்பக்கம். என்னைக் கண்டதும் சிரித்து, கதிரையைக் காட்டி, பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றினார். ஊற்றும்போது கோப்பையின் விளிம்பை இடக்கை விரலால் தொட்டுக்கொண்டார். அப்படியும் பாதித் தேநீர் தட்டில் விழுந்தது. கொண்டுபோன பிஸ்கட் பக்கெற்றை வேண்டுமென்றே அவருடைய நல்ல கண் பக்கமாக, வலப்பக்கத்தில் நீட்டினேன். என் கை நீண்டபடியே இருந்தது. அவர் அதைக் காணவில்லை.

"கலா சொல்லிப்போட்டாளே?" என்றார்.

"மருந்தை நிப்பாட்டிப்போட்டீங்களே ரீச்சர்?"

"தற்காலிகமாய்."

"எப்ப தொடக்கம்?"

"மெடிக்கலுக்கு ஆறு மாசத்துக்கு முன்னம் நிப்பாட்ட வேணுமாம். கண்ணுக்கு விட்ட மருந்து ஆறு மாசத்துக்கு உள்ளுக்கை நிக்குமாம். மெஷினை வைச்சுப் பார்த்தால் காட்டிக் குடுத்திடுமாம். மெடிக்கல் தள்ளித் தள்ளிப் போகுது, நான் என்ன செய்ய?"

"ஆறு மாசம் உள்ளுக்கை நிக்கிற மருந்தெண்டால் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏன் ரீச்சர் விடச் சொல்லுறம்?"

"அந்த யோசினை எனக்கும் வந்தது. நான் படிப்பிச்ச ஆள்தானே. ஆனால் ஒருத்தருக்கு மெய்யாய் நடந்திருக்குத் தம்பி. கொட்டாஞ்சேனையிலை ஒரு பெடியன், கண்ணுக்கு மருந்து விட்டதாலை ரிஜெக்ட். நடந்த ஒண்டுக்கு முன்னாலை உம்மடை நியாயம் நிக்காது."

"மகனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீர் சொல்லவும் கூடாது. சொன்னால் என்ன நடக்கும்? மருந்தை விடுங்கோ அம்மா எண்டு போனிலை கத்துவான். நான் ஓம் எண்டுவன். போனிலை ஓம் எண்டு சொல்ல என்ன கஷ்டம்?"

மகனுக்குச் சொல்லிப் பயனில்லை. நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்னது இது. "இந்தக் கண் போக முன்னம் அவனை ஒருக்காப் பார்க்க வேணும் தம்பி. மருந்தை விட்டால் கண் இருக்கும், மகனிட்டைப் போகேலாது. விடாட்டில் போகலாம். போய்ப் பார்த்தாப் பிறகு கண் என்ன செய்தாலும் செய்யட்டும்." கணக்கில் பிழையில்லை. கொடுக்கப்பட்ட தரவுதான் பொய். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காக, அந்த முகத்தைப் பார்க்க வேண்டிய கண்ணைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியன்டை கதை பொய்யெண்டால்?"

"பொய்யெண்டு காட்டும். அண்டைக்கே விடுறன். மருந்து ஒரு இடமும் போகேல்லை, அரிசி வாளிக்குள்ளைதான் கிடக்கு."

"ஏன் அரிசி வாளிக்குள்ளை?"

"செக்கிங் வந்தால் வீட்டிலை இருக்கிற எல்லாற்றை சாமானையும் கொட்டிப் பார்ப்பாங்கள். நாலு பேர் காணுவினம். கதை போய்விடும்."

கதைதான் போயிருந்தது. கொட்டாஞ்சேனைக் கதை வந்த வழியே யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

ரீச்சருக்குச் சொன்னவன் நேசன் என்று அவரிடமே கேட்டறிந்தேன். எங்கள் கடையில் இருந்து கொஞ்சத் தூரத்தில் கொமியூனிகேஷன் வைத்திருந்தான். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கண்ணாடிக் கூண்டுகள் மூன்று, ஒரு போட்டோகொப்பி மெஷின், இரண்டு வாங்கு. வாங்கில் எப்போதும் ஆள் இருக்கும். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், எந்த நிறத்தில் சட்டை போட வேண்டும், எந்த வருத்தத்தை மறைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் நேசனிடம் மறுமொழி இருந்தது.

"நீரோ ரீச்சரை மருந்தை நிப்பாட்டச் சொன்னது?"

"ஓமண்ணை. பாவம், தனிய இருக்கிற மனிசி. சும்மா உதவிக்குச் சொன்னனான்."

"அந்த மருந்தை நிப்பாட்டினால் கண் போகும் எண்டு தெரியுமோ?"

"ஒரு கொஞ்ச நாளைக்குத்தானே அண்ணை? அங்கை போனாப் பிறகு கனடா மருந்து விடலாம்தானே, இதைவிடத் திறம்."

"போன கண்ணைக் கனடா மருந்து திருப்பித் தராது. உமக்கு ஆர் சொன்னது இது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் இல்லை. முதல் சொன்னது ஆர்?"

வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேசன் சிரித்துச் சமாளித்தான். "என்னண்ணை, சீஐடி மாதிரிக் கேக்கிறியள்? கொட்டாஞ்சேனை லொட்ஜிலை தவராசா எண்டு ஒரு பெடியன். ஒருகொடவத்தைக் கொண்டெயினர் யார்டிலை கிளாக்கர். அவனுக்குத்தான் நடந்தது."

"அவனை நீர் கண்டனீரோ?"

"காணேல்லை. லொட்ஜ் மனேஜர் சொன்னவர்."

எத்தனை பேர் அந்தக் கண்ணாடிக் கூண்டுகளுக்கு வந்து இதைக் கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். காணாத ஒருவனுக்கு நடந்ததாக, கேட்ட ஒருவர் சொன்னதை வைத்து, இவன் ஒரு மனிசியின் கண்ணை மூடச் சொல்லியிருக்கிறான். அதுவும் உதவியாக. இலவசமாக.

பௌர்ணமி, போயா விடுமுறையன்று கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். வழியில் இரண்டு செக்பொயின்ற்றில் இறக்கி ஏற்றினார்கள். லொட்ஜ் மாடியில் ஆண்கள் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தவராசாவுக்கு முப்பது வயதிருக்கும். பார்மசியில் இருந்து வருகிறேன் என்றதும் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"உமக்குக் கண்ணாலைதான் ரிஜெக்ட் ஆனதெண்டு கேள்விப்பட்டன்."

"ஓமண்ணை."

"என்ன மருந்து விட்டனீர்?"

"பேர் தெரியாது. சின்னப் போத்தல்."

"எவ்வளவு காலம் விட்டனீர்?"

"ஒரு கிழமை."

"ஒரு கிழமையோ?"

"கண் நோய் அண்ணை. அப்ப லொட்ஜிலை எல்லாருக்கும் வந்தது. கண் சிவந்து, பூளை தள்ளி... தெரியும்தானே."

"அதுக்கு மெடிக்கல் டொக்டர் என்ன சொன்னவர்?"

அவன் கொடியில் தொங்கிய சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் நிற்பவர்கள் இப்படி வேறெங்காவது பார்க்கத் தொடங்கினால் அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது. காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

"நான் மெடிக்கலுக்கே போகேல்லை அண்ணை."

"பின்னை?"

"இன்டர்வியூவிலையே முடிஞ்சுது." குரலைத் தாழ்த்தினான். மனைவி கனடாவில். அவள்தான் ஸ்பொன்சர். கலியாணத்தன்று மனைவி என்ன நிறச் சேலை உடுத்திருந்தாள் என்று இன்டர்வியூவில் கேட்டிருக்கிறார்கள். "நான் கூறைச் சீலையை நினைச்சுச் சிவப்பு எண்டன். அவையின்டை கையிலை இருந்த போட்டோவிலை பச்சை. பின்னேரம் மாத்தி உடுத்தது. எனக்கு அந்த நேரம் வாயே வரேல்லை. கலியாணம் பொய்யெண்டு எழுதிப்போட்டாங்கள்."

"அதுக்கு ஏன் கண் எண்டு சொன்னனீர்?"

"லொட்ஜுக்கு வர எல்லாரும் சுத்தி நிண்டு என்ன நடந்தது என்ன நடந்தது எண்டு கேக்கிறாங்கள். என்ர பெஞ்சாதியை என்ர பெஞ்சாதி இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள் எண்டு எப்பிடியண்ணை சொல்லுறது? சட்டைப் பையிலை கண் மருந்து இருந்தது. கண்ணாலை எண்டன்." பிறகு கோபத்தோடு சொன்னான்: "என்ர வாயை மூடத்தான் நான் அதைச் சொன்னனான். அதை வைச்சு மற்றவையின்டை கண்ணை மூடச் சொன்னனானே?"

அங்கே போகும்போது அவனை ஏச நினைத்துப் போனேன். ஏச முடியவில்லை. மானத்துக்குப் பயந்து சொன்ன ஒரு சொல். அதை யாரோ மருத்துவமாக்கி, ஆறு மாதக் கெடு வைத்து, மெஷின் பூட்டி வெள்ளவத்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தவராசா ஆறு மாதம் என்று சொல்லவேயில்லை. மெஷின் என்றும் சொல்லவில்லை. அவையெல்லாம் வழியில் பஸ்ஸில் ஏறிக்கொண்டவை.

வெள்ளவத்தைக்கு வந்து ரீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். முதலில் மறுத்தான். அண்ணையே சொல்லலாம்தானே என்றான். நான் சொன்னால் அதுவும் இன்னொரு 'சொன்னானாம்' ஆகிவிடும், அவனுடைய வாயால் வர வேண்டும் என்றேன். அந்த ஒரு மனிசிக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் இல்லை என்று உறுதி சொன்னேன்; அதனால்தான் இங்கே அவன் பெயரை மாற்றியிருக்கிறேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

ரீச்சர் அவனைத் தனக்கு நேரே இருத்தினார். வகுப்பில் பிந்தி வந்த பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். அவனும் முழுவதையும் சொன்னான். சேலையின் நிறத்தையும் விடவில்லை. ரீச்சர் அவனை ஏசவில்லை.

"உம்மடை பெண்சாதி இப்பவும் உம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாவே?"

"ஓம் ரீச்சர். அப்பீல் போட்டிருக்கிறம்."

"மற்றப் போட்டோவையும் சேர்த்து அனுப்பினனீரோ? சிவப்புச் சீலையோடை நிக்கிறது?"

அவன் விழித்தான். அனுப்பவில்லை. யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

"அனுப்பும்" என்றார் ரீச்சர். பிறகு குரல் கொடுத்தார். "கலா, அந்த அரிசி வாளியைக் கொண்டு வா பிள்ளை."

இன்னும் உடைக்காத அந்தப் போத்தலைத் துடைத்து, திகதியைப் பார்த்து நான் திறந்து கொடுத்தேன். முதல் துளி கன்னத்தில் விழுந்தது. எத்தனை வருடம் ஒரே துளியில் விட்ட கை. இரண்டாவது சரியாக விழுந்தது. மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு இருந்தார். உதடு அசைந்தது. பதினாறாம் வாய்ப்பாடு முடிந்ததும் விரலை எடுத்தார்.

அந்தக் கிழமையே கண் டொக்டரை சனல் பண்ணி, அதாவது பணம் கட்டி நேரம் பதிந்து, கூட்டிக்கொண்டு போனேன். அழுத்தம் எகிறியிருந்தது. மருந்து தொடர்ந்ததும் இறங்கியது. ஆனால் பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. நடுவில் மிஞ்சியது ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்ற வட்டம். நேரே இருப்பவர் தெரிவார். பக்கத்தில் நிற்பவர் இல்லை. அந்த ஓரங்களை இனி எந்த மருந்தும் திருப்பித் தராது என்று டொக்டர் சொன்னார். மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டபோது ரீச்சர், "ஒரு பிழையான தரவு" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு மெடிக்கல் வந்தது. கலா கூடப் போனாள். திரும்பி வந்து ரீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"என்ன மருந்து பாவிக்கிறியள் எண்டு கேட்டார். போத்தலை மேசையிலை வைச்சன். பேரைப் பார்த்து எழுதினார். பிளேனிலை சூட்கேசுக்குள்ளை போடாமல் கைப் பையிலை வைச்சிருங்கோ, நேரம் தவறாமல் விடுங்கோ எண்டார். அவ்வளவுதான் தம்பி. பிறகு கண் போர்ட்டைக் காட்டினார். அதிலை நாங்கள் பாடமாக்கின எழுத்து ஒண்டும் இல்லை. எல்லாம் இங்கிலிஷ் ஈ. மேலை பார்த்த ஈ, கீழை பார்த்த ஈ, படுத்திருக்கிற ஈ. எந்தப் பக்கம் பார்க்குது எண்டு கையாலை காட்ட வேணும்." சிரித்தார். கலா சிரிக்கவில்லை.

ஒரு போத்தலை மேசையில் வைப்பது. அவர் செய்ய வேண்டியிருந்தது அதுதான். அதைச் செய்யாமல் இருப்பதற்காக ஒரு கண்ணின் ஓரமெல்லாம் போனது. கோபப்படாமல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்றே நேசனிடம் போனேன். நடந்த முழுவதையும், தவராசாவின் சேலையை மட்டும் விட்டு, சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். "அப்பிடியே அண்ணை? நல்லதாய்ப் போச்சு. ரீச்சருக்குச் சரி வந்தது சந்தோசம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "எண்டாலும் மற்றவைக்கு என்னத்துக்கு ரிஸ்க்? நிப்பாட்டினால் நட்டமில்லைத்தானே எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன்" என்றான்.

நட்டமில்லை. இந்தச் சொல்லை நீங்கள் கவுண்டரில் அடிக்கடி கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மச்சான் சொல்வார். சொல்கிறவருக்கு நட்டமில்லை என்பது உண்மை. அவர் கண் அல்ல அது. அன்றைக்கு நான் நேசனோடு உரத்த குரலில் சண்டை பிடித்தேன். வாங்கில் இருந்தவர்கள் இடையில் வந்து விலக்கினார்கள். பயனில்லை. வதந்தி சொல்கிறவனோடு சண்டை பிடித்தால் வதந்திக்கு இன்னும் நாலு பேர் கேட்பார்கள். அதன் பிறகு கவுண்டரில் நின்றே வேலை செய்தேன். கண் அழுத்த மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், எந்த மெடிக்கலுக்கும் எந்தப் பயணத்துக்கும் இதை நிறுத்தக் கூடாது, கேட்டால் போத்தலைக் காட்டுங்கள் என்று சொல்வேன். வழக்கமாக வருபவர் வராவிட்டால் ஆள் அனுப்புவேன்.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். "மருந்து விடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் ஓம். போத்தலைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் மருந்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். ரீச்சருக்கு மருந்தைப் பற்றித் தெரியாததா? யார் சொன்னது என்று கேளுங்கள். அவருக்கு யார் சொன்னது என்று கேளுங்கள். முதலாவது ஆளிடம் போய்ச் சேரும்வரை விடாதீர்கள். நான் பின்தொடர்ந்த எந்தக் கதையின் தொடக்கத்திலும் ஒரு டொக்டர் நின்றதில்லை.

ரீச்சரின் விசா வந்த நாள் அவர் என்னை மகனுக்கு ரெலிபோன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வேறு கொமியூனிகேஷனுக்குப் போகலாம் என்றேன். "ஏன், இதுதானே கிட்ட" என்று நேசனின் கடைக்கே நடந்தார். உள்ளே போனவர் கூண்டின் கதவைச் சாத்தவில்லை. வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"ராசா, எயார்போர்ட்டிலை நீ எங்கை நிப்பாய்? ... இல்லை, கேள். ஓரத்திலை நிக்காதை. நான் வெளியிலை வாற வழிக்கு நேரை, நடுவிலை நில். பக்கத்திலை நிண்டால் எனக்குத் தெரியாது. நான் உன்னைக் கடந்து போயிடுவன்... ஓமடா, கண் இப்ப அப்பிடித்தான்... அழாதை. நேரை நில், அது போதும்."

வாங்கில் இருந்தவர்கள் கூண்டின் பக்கம் திரும்பியிருந்தார்கள். நேசன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரீச்சர் கூண்டை விட்டு வந்து வாசலுக்கு நடந்தபோது சட்டென்று எழுந்து, படியில் இறங்க உதவுவதற்காக அவருக்கு வலப்பக்கம் வந்து நின்று கையை நீட்டினான்.

ரீச்சர் அந்தக் கையைக் காணவில்லை. காலால் படியைத் தேடிக்கொண்டு இறங்கினார்.